பெண்ணுடை அணியும் நாளில் மட்டுமே நான் வீட்டு வேலை செய்வதாக என் மனைவி சொல்கிறார். தவறு எங்கே இருக்கிறது?

கேள்வி
பதிந்தவர்: நீல அலமாரி

எனக்கு வயது 41. திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. இளமையிலிருந்தே தனிமையில் பெண்ணுடை அணிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. என்னை நான் ஆணாகவே உணர்கிறேன், வெளியிலும் அப்படியே வாழ்கிறேன், அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. 6 ஆண்டுகளுக்கு முன்பு இதை மனைவியிடம் சொன்னேன். அழுதார், சில வாரங்கள் சரியாகப் பேசாமல் இருந்தார், பிறகு நிறையக் கேள்விகள் கேட்டார். கடைசியில், வாரத்தில் இரண்டு மாலைகள், மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் உடுத்திக்கொள்ளலாம் என்று இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம்.

அந்த இரண்டு மாலைகளில் வீட்டு வேலைகளை நான் விரும்பிச் செய்வேன். துணிகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்குவேன், கூடத்தைப் பெருக்குவேன், பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைப்பேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாவாடையைக் கட்டி, விக்கைச் சரிசெய்து, இடுப்பில் ஏப்ரனை முடிந்துகொண்டால் கை தானாக வேலையைத் தேடும். தொடக்கத்தில் மனைவிக்கு இது வியப்பாகவும், உள்ளதைச் சொன்னால் வசதியாகவும் இருந்தது. “இந்த அம்மாள் வாரம் முழுவதும் வந்தால் தேவலை” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். அது குறையாகச் சொல்லப்பட்ட பேச்சு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். அன்று புதன்கிழமை, என் மாலை வியாழன். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. “இதை மட்டும் கழுவிவிடுங்களேன்” என்று படுக்கையிலிருந்தபடியே கேட்டார். நான் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், “நாளைக்குச் செய்துவிடுகிறேன், நாளைக்குத்தானே என் நாள்” என்றேன். வாய் தவறி வந்த பேச்சு என்று சமாளிக்கப் பார்த்தேன். ஆனால் அது வாய் தவறி வந்ததல்ல என்று எனக்கே தெரியும். அவர் எதுவும் சொல்லாமல், போர்வையைத் தோளில் போட்டபடியே எழுந்து வந்து, நின்று, கழுவி முடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் எழுந்து போய்த் தடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் அமைதியாகவே கேட்டார்: “உடை மாற்றினால்தான் உங்களால் பாத்திரம் தேய்க்க முடியும் என்றால், நான் எந்த உடையைக் கழற்றினால் எனக்கு ஓய்வு கிடைக்கும்?” என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து என் வியாழக்கிழமையும் எனக்கு உறுத்தலாகிவிட்டது. உடுத்தினால் வேலை செய்யத் தோன்றுகிறது. செய்தால் அவர் முகம் இறுகுகிறது. செய்யாமல் உட்கார்ந்தால் அதைவிட மோசமாக இருக்கிறது. நான் இந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டுமா? அல்லது தவறு வேறெங்காவது இருக்கிறதா? என்னைப் போன்றவர்களும், அவர்களுடைய துணைவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
பதிந்தவர்: நேர்ப்பேச்சு

எந்த உடையில் செய்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா? வாரத்தில் இரண்டு நாள் கூட விரலை அசைக்காத கணவர்கள் எத்தனையோ பேர் இருக்க, செய்கிறவரைப் பிடித்துக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. காய்ச்சல் நாளில் நீங்கள் பேசியது தவறு, அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். மற்றதெல்லாம் தேவையில்லாத குற்ற உணர்வு.


மறுமொழி 2
பதிந்தவர்: எட்டாம் படி

மேலே எழுதியவர் “வேலை நடந்தால் போதாதா” என்று கேட்கிறார். எந்த வேலை நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். நான் ஒரு கிராஸ்டிரெஸ்ஸரின், அதாவது உங்களைப் போல எதிர்ப்பாலின உடை அணிபவரின், மனைவி. 11 ஆண்டுகளாகத் தெரிந்தே வாழ்கிறேன். அதனால் இதை உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் கணவரும் உடுத்தும் நாட்களில் ஓடியாடி வேலை செய்தார். எனக்கும் முதலில் மகிழ்ச்சிதான். சில மாதங்கள் கழித்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது. அவர் செய்த வேலைகள் எல்லாமே பார்வைக்கு அழகான வேலைகள். இஸ்திரி போடுவது, தூசி தட்டுவது, துணி மடிப்பது, மேசையைத் துடைத்துப் பூ வைப்பது. கழிவறையை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டியின் வடிகட்டியில் முடியும் எச்சிலுமாகச் சேரும் அந்தக் கூழை விரலால் வழித்து எறிந்ததில்லை. வாந்தி எடுத்த குழந்தையின் படுக்கை விரிப்பை இரவு 2 மணிக்கு அலசியதில்லை. அவருக்கு அந்த உடையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. அந்தப் படத்துக்குள் வடிகட்டி இல்லை. குதிகால் உயர்ந்த செருப்போடு கூடம் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: “நீங்கள் யாரைப் பார்த்து இப்படிச் செய்கிறீர்கள்? என்னைப் பார்த்தா? நான் பெருக்கும்போது பழைய நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையை உச்சியில் முடிந்துகொண்டல்லவா பெருக்குகிறேன்?” அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சிறுவயதில் ஏதோ ஒரு சலவைத்தூள் விளம்பரத்தில் பார்த்த பெண்ணைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. 10 ஆண்டுகள் அவர் கண்ணெதிரே வேலை செய்தவள் நான். அவர் மனத்தில் நின்றவள் விளம்பரக்காரி.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத வேலை. சோப்பு தீரப்போகிறது என்று தெரிந்து வைத்திருப்பது, எந்தச் சட்டை எந்தச் சட்டையோடு சேர்ந்தால் சாயம் ஏறும் என்று நினைவு வைப்பது, குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்பதை மனத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பது: இவற்றை ஏப்ரனைக் கட்டும்போது கட்டி, அவிழ்க்கும்போது அவிழ்த்துவிட முடியாது. உங்கள் மனைவி கேட்ட கேள்வியின் பொருள் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் இரண்டு மாலை வேலைக்குள் வந்துவிட்டுப் போகிறீர்கள். அவர் வேலைக்குள்ளேயே இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் வேலை முடித்ததும் வந்து நிற்பார். “சரியாக இருக்கிறதா?” என்று கேட்பார். நான் பார்க்க வேண்டும், பாராட்ட வேண்டும். அதிலும் ஒரு பெண்ணின் வேலையாகப் பாராட்ட வேண்டும். நாள் முழுக்க உழைத்துவிட்டு மாலையில் ஆசிரியராகவும் தேர்வாளராகவும் ரசிகையாகவும் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவர் செய்த வேலையைவிட அதைப் பார்த்துத் தலையாட்டும் வேலை எனக்குப் பெரிய சுமையாக இருந்தது.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். உடையையும் வேலையையும் பிரித்தோம். அவருக்கென்று சில வேலைகள் நிரந்தரமாக ஒதுங்கின; அவற்றில் கழிவறையும் குப்பையும் உண்டு. அவற்றை எந்த உடையில் செய்கிறார் என்பது என் கவலை அல்ல. ஆனால் என் பார்வையும் பாராட்டும் அதற்குக் கிடையாது. உடுத்தும் மாலையில் அவர் விரும்பினால் புத்தகம் படிக்கலாம், நகம் பூசிக்கொள்ளலாம், என்னோடு உட்கார்ந்து பேசலாம். அந்த மாலைகளில் பாதி நாட்கள் நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவரும் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். பெண்ணாக இருப்பதில் இதுவும் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரிய இவ்வளவு நாளாயிற்று என்று நான் கேலி செய்வதுண்டு.


மறுமொழி 3
பதிந்தவர்: பழைய ஏடு

எட்டாம் படி குறிப்பிட்ட அந்த “விளம்பரக்காரி” எங்கிருந்து வந்தாள் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நான் இந்த வரலாற்றை ஆர்வத்தின் பேரில் படித்துவருபவன்.

எதிர்ப்பாலின உடையை அணியும் விருப்பத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைத்து, அது ஒருபாலீர்ப்பிலிருந்து வேறானது என்று விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். அவருடைய நூல் 1910இல் வெளிவந்தது. ஆனால் இன்று பலரிடம் காணப்படும் “குடும்பப் பெண்” பாவனைக்கு அதைவிடப் பிந்திய ஒரு கிளைதான் காரணம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் வர்ஜீனியா பிரின்ஸ் என்பவர் 1960இல் டிரான்ஸ்வெஸ்டியா என்ற இதழைத் தொடங்கினார். பெண்களை மணந்து வாழும் ஆண்களுக்காகவே அது பெரும்பாலும் நடத்தப்பட்டது. ஒவ்வோர் ஆணுக்குள்ளும் அடக்கிவைக்கப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள், உடை அவளை வெளியே வரவிடுகிறது என்பது அவருடைய வாதம். கேட்க இதமான வாதம்தான். ஆனால் உள்ளிருந்து வந்த அந்தப் பெண் எப்போதும் அக்கால நடுத்தர வர்க்க இல்லத்தரசியின் சாயலிலேயே வந்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த பெண்ணாக அவள் வந்ததாகத் தெரியவில்லை. அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் காசா சுசானா என்ற விடுதியில் இத்தகைய ஆண்கள் வார இறுதிகளில் கூடினார்கள். அங்கே எடுத்த ஒளிப்படங்கள் பல ஆண்டுகள் கழித்து ஒரு பழம்பொருள் சந்தையில் கிடைத்து, 2005இல் நூலாக வந்தன. முத்துமாலையும் அடக்கமான கவுனுமாகச் சோபாவில் உட்கார்ந்து ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டை ஆடுகிறார்கள். யாரையும் மயக்கும் கோலமில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கோலம். எனக்கு அந்தப் படங்கள் மிகவும் பிடிக்கும். அவற்றில் தெரியும் நிம்மதி பொய்யல்ல. அதே சமயம், அந்த நிம்மதி வேறொருத்தியின் ஓய்வில்லாத நாளைப் பார்த்து வரைந்த கோலத்தில் கிடைத்தது என்பதும் பொய்யல்ல.

அடுத்து, “மரபு” என்ற சொல்லைப் பற்றி. வீட்டு வேலை தொன்றுதொட்டுப் பெண்ணுடையது என்று நாம் பேசுகிறோம். தொழில்மயமான மேற்கு நாடுகளைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை இன்றைய வடிவத்தை எடுத்து ஏறத்தாழ 200 ஆண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் இதை அழகாக எடுத்துக்காட்டினார். திறந்த அடுப்பில் ஒரு வேளைச் சமையல் நடக்க ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேலை செய்தார்கள். விறகு பிளப்பதும் தானியம் அரைத்து வருவதும் தோல் பதப்படுத்துவதும் ஆண்களின் வீட்டு வேலைகள். புதிய அடுப்பும் ஆலை மாவும் கடைச் சரக்கும் வந்தபோது ஆணின் பங்கு ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேறியது. பெண்ணின் பங்கு அப்படியே தங்கியது, சில இடங்களில் கூடவும் செய்தது. துணி துவைப்பதை எளிதாக்கிய இயந்திரம் துவைக்க வேண்டிய துணியின் அளவையும் கூட்டியது. ஆக, கருவிகள் யாருக்கு ஓய்வு கொடுத்தன என்பதைப் பார்த்தால் போதும். கப்பலில் மாலுமியும் படைமுகாமில் வீரனும் தைத்தார்கள், துவைத்தார்கள், சமைத்தார்கள். அதற்காக யாரும் அவர்களுக்குப் பாவாடை கட்டிவிடவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள். நீல அலமாரி தமது வாரத்தை இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாலைக்கு இரண்டு மணி வீதம் செய்தாலும் வாரத்துக்கு 4 மணி நேரம். அதாவது ஒரு பெண்ணின் ஒரு நாள் பங்குக்குக் கூடச் சற்றுக் குறைவு, சராசரி ஆண் வாரத்தில் செய்வதில் பாதி கூட இல்லை.

நம் மொழியும் இதில் பங்காளிதான். “இல்லாள்” என்றால் வீட்டுக்கு உரியவள். அதன் ஆண்பாலாக “இல்லான்” என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றுமில்லாதவன் என்று பொருள் மாறிவிடுகிறது. வீட்டுக்கு உரிய ஆணைக் குறிக்க ஒரு சொல்லை நாம் புழக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. “இல்லத்தரசன்” என்பதைக் கேலியாக மட்டுமே கேட்டிருக்கிறேன்.

இறுதியாக, உங்கள் கேள்விக்கு நேராக வரும் ஒரு கருத்து. சமூகவியலாளர் சாரா ஃபென்ஸ்டர்மேக்கர் பெர்க் 1985இல், வீட்டு வேலையில் இரண்டு பொருள்கள் உற்பத்தியாகின்றன என்று எழுதினார்: ஒன்று கழுவிய தட்டு, மற்றொன்று ஆண், பெண் என்ற அடையாளம். தட்டைக் கழுவுவதன் மூலம் அவள் பெண்ணாகிறாள். கழுவாமல் இருப்பதன் மூலம் அவன் ஆணாகிறான். நீங்கள் வியாழக்கிழமை இஸ்திரி போடும்போது உங்களுக்கு வேண்டியிருப்பது இரண்டாவது பொருள். இஸ்திரி போட்ட சட்டை அதன் உபரி. புதன்கிழமை தட்டைத் தொடாமல் இருந்தபோதும் அதே தொழிற்சாலைதான் ஓடியது, வேறு சரக்கைச் செய்துகொண்டு. உங்கள் மனைவிக்கு வேண்டியதோ தட்டு மட்டுமே.


மறுமொழி 4
பதிந்தவர்: புதுப்பெயர்

நான் திருநங்கை. கிராஸ்டிரெஸ்ஸரும் திருநங்கையும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீல அலமாரி தம்மை ஆணாகவே உணர்வதாகத் தெளிவாக எழுதியிருக்கிறார், அது அவருக்கு. எனக்கு அப்படியல்ல. இருந்தாலும் துடைப்பத்தைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

என்னை மகன் என்று நினைத்தவரை, சாப்பிட்ட தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பெண் என்று சொல்லி, பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு மீண்டும் வீட்டுக்குள் சேர்க்கப்பட்டபோது, உறவினர் ஒருவர் மூலையில் இருந்த துடைப்பத்தைக் காட்டி, “இனிமேல் நீயும் இதையெல்லாம் செய்யத்தானே வேண்டும்” என்றார். என்னைப் பெண்ணாக ஒப்புக்கொண்ட முதல் பேச்சு அது. வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்: எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மாதம் அந்த வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தேன். இரண்டாம் மாதம்தான் என் தம்பியின் தட்டையும் நான் எடுப்பதைக் கவனித்தேன்.

ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் பெர்லினில் நிறுவிய பாலியல் ஆய்வு நிலையத்திலும் இப்படி ஒரு செய்தி உண்டு. அங்கே பாலின மாற்று அறுவை சிகிச்சை பெற்ற திருநங்கை டோரா ரிக்டர் அந்த நிலையத்திலேயே பணிப்பெண்ணாக வேலை செய்தார். வெளியே எவரும் வேலை தராத காலத்தில் அது பெரிய அடைக்கலம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பெண்ணாக ஏற்கப்பட்டவருக்குக் கையில் கிடைத்தது தட்டு துடைக்கும் துணிதான் என்பதையும் மறக்க முடியவில்லை.

ஆகவே அந்த இனிப்பு எனக்குப் புரியும், நீல அலமாரி. உங்களால் இரவு 9 மணிக்கு அதைக் கழற்றி மாட்டிவிட்டுப் போக முடிகிறது என்பது மட்டும்தான் நமக்குள் வேறுபாடு.


மறுமொழி 5
பதிந்தவர்: திரைக்குப் பின்

எனக்கு வயது 63. மேலே எழுதியவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உடுத்துகிறவன் ஏன் வேலையைத் தேடிப் போகிறான் என்பதை உள்ளிருந்து ஒருவர் சொன்னால் நீல அலமாரிக்கும், அவர் காட்டினால் அவருடைய மனைவிக்கும் பயன்படலாம்.

உடுத்தி முடித்த பிறகு என்ன செய்வது என்பது நம்மில் பலர் வெளியே சொல்லாத சிக்கல். திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருக்கிறது, கதவு தாழிடப்பட்டிருக்கிறது, வெளியே போக முடியாது, யாரும் உள்ளே வர முடியாது. கண்ணாடி 20 நிமிடத்தில் சலித்துவிடும். அதன் பிறகு அந்த உடைக்குள் இருக்கும் கைகளுக்கு ஏதாவது வேண்டும். நான்கு சுவருக்குள் கிடைப்பது வீட்டு வேலைதான். அதைச் செய்யும்போது கண்ணாடி தராத ஒன்று கிடைக்கிறது. நம்மை நாமே பார்த்துக்கொண்டிருப்பதை மறந்து, இயல்பாக நடமாடுவதாக ஒரு நினைவு வருகிறது. இதில் கபடம் ஒன்றும் இல்லை. வீட்டை விட்டு வெளியே போய் ஒரு பூங்காவில் உட்கார முடிந்திருந்தால் நான் அவ்வளவு இஸ்திரி போட்டிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கபடம் உள்ள இடம் ஒன்று உண்டு. அதைப் பூசி மெழுகக் கூடாது. சிலருக்குப் பணிப்பெண் வேடத்தில் ஏவல் கேட்பதே கிளர்ச்சி தருகிறது. வயது வந்த இருவர் மனமொப்பி அப்படி இருந்தால் அதில் பிறருக்கு வேலையில்லை. ஒருவர் விளையாடுவதும் மற்றவர் அது விளையாட்டு என்று தெரியாமல் தம் வீட்டைச் சுத்தம் செய்ய ஒருவர் கிடைத்தார் என்று நம்புவதும் வேறு. மேலும், பாத்திரம் தேய்ப்பது தாழ்வு என்பதால்தான் அதில் கிளர்ச்சி என்றால், அதே தாழ்வை நாள்தோறும் எதிரிலிருக்கும் பெண் எந்தக் கிளர்ச்சியும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார் என்பதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். நீல அலமாரி அந்த வகையில்லை என்று அவர் எழுத்திலிருந்து தோன்றுகிறது. படிக்கிற மற்றவர்களுக்காக எழுதினேன்.

பழக்கத்தையே விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நோயாகக் கருதிய காலம் ஏறத்தாழப் போய்விட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, அதோடு சேர்ந்த பாலியல் கிளர்ச்சி ஒருவருக்குக் கடும் மனவேதனையோ வாழ்க்கைப் பாதிப்போ தந்தால் மட்டுமே கோளாறு என்கிறது. உடை அணிவது மட்டும் கோளாறாகாது. உலகச் சுகாதார அமைப்பின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் உடை சார்ந்த அந்தப் பழைய தலைப்பே நீக்கப்பட்டுவிட்டது. நானும் இளமையில் மூன்று முறை எல்லாவற்றையும் மூட்டை கட்டி எறிந்திருக்கிறேன். மூன்று முறையும் ஓராண்டுக்குள் புதிதாக வாங்கியிருக்கிறேன். எறிவதில் செலவுதான் மிச்சம். உங்கள் மனைவியும் உடையை விடச் சொல்லவில்லையே. புதன்கிழமையைப் பற்றியல்லவா அவர் கேட்டார்?

எனக்குப் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாதம் முழுக்க, பழைய கால்சட்டை பனியனில் மட்டுமே வீட்டு வேலை செய்வது என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் கை வரவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி மீசையோடு கூடத்தின் நடுவில் நின்றபோது, யாரோ சன்னல் வழியாகப் பார்த்துவிடுவார்களோ என்று கூசியது. இத்தனைக்கும் பாவாடை கட்டிய நாட்களில் அந்தச் சன்னலைப் பற்றி எனக்கு அவ்வளவு கூச்சம் இருந்ததில்லை, திரைதான் மூடியிருக்குமே. ஆண் உடையில் பெருக்குவதை மறைக்கத் திரை போடலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்த யோசனையின் கேவலம் புரிந்து தனியாகச் சிரித்தேன். இரண்டாவது வாரம், எனக்கு இஸ்திரி போடுவது பிடிக்கவே பிடிக்காது என்று தெரிந்தது. 20 ஆண்டுகளாக விரும்பிச் செய்ததாக நினைத்த வேலை! பிடித்தது உடைதான், வேலை அல்ல. மூன்றாவது வாரம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. வேலை முடிந்தது, கையைத் துடைத்தேன், அவ்வளவுதான்.


மறுமொழி 6
பதிந்தவர்: நேர்ப்பேச்சு

எட்டாம் படி எழுதியதைப் படித்தபின் என் முதல் மறுமொழியைத் திருத்திக்கொள்கிறேன். நான் உடுத்துகிறவன் அல்லன்; ஆனால் என் வீட்டில் வடிகட்டியை யார் வழிக்கிறார்கள் என்று இன்று காலை எழுந்து போய்ப் பார்த்தேன். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.


மறுமொழி 7
பதிந்தவர்: நீல அலமாரி

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும் முன் எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் மறுமொழிகளை மனைவியிடம் காட்டினேன். எட்டாம் படியின் பதிவை இரண்டு முறை படித்தார். பழைய ஏடு போட்ட கணக்கைப் படித்துவிட்டு, “இரண்டு மணியா? உடுத்தி முடிக்கவே ஒரு மணி போய்விடுகிறதே” என்றார். அது உண்மைதான்.

பிறகு இருவரும் தனித்தனித் தாளில் இந்த வீட்டில் ஒரு வாரத்தில் நடக்கும் வேலைகளை எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். நான் யோசித்து யோசித்து 12 எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். அவர் தாளின் பின்பக்கத்துக்குப் போய், 37இல் நிறுத்தினார், அதுவும் வேறு வேலைக்கு எழ வேண்டியிருந்ததால். அவற்றில் சிலவற்றை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. “மூடிகள்” என்று ஒரு வரி இருந்தது. என்ன மூடி என்று கேட்டேன். நானும் மகனும் திறந்துவிட்டு மூடாமல் போகும் பற்பசை, எண்ணெய், பேனா, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் மூடிக்கொண்டு வருவதாம். 14 ஆண்டுகளாக அவை தாமாகவே மூடிக்கொள்வதாக நான் நினைத்திருக்க வேண்டும்.

37இல் 15ஐ என் பக்கம் எழுதிக்கொண்டேன்; கழிவறை, குப்பை, வடிகட்டி மூன்றும் அதில் உண்டு. திரைக்குப் பின் ஐயா சொன்ன ஒரு மாதச் சோதனையில் இன்று 16ஆம் நாள். அவர் சொன்ன சன்னல் கூச்சம் எனக்கும் வந்தது. எனக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் துணி உலர்த்தும்போது வந்தது. மூன்றாம் நாளே குப்பையை மறந்தேன். மனைவி நினைவூட்டவில்லை, அதுவும் அவர் தாளில் 22ஆம் வரியாக இருந்த ஒரு வேலை, “நினைவூட்டுவது”. மறுநாள் நாற்றம்தான் நினைவூட்டியது.

வியாழக்கிழமை மாலைகளைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. இந்த மாதம் உடுத்த வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் நான் அலமாரியைத் திறந்தபோது, “உடுத்துங்கள், ஆனால் ஒன்றையும் எடுத்து அடுக்காதீர்கள்” என்றார். உடுத்திக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தேன், நாற்காலியின் கைப்பிடியில் வைத்துப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாம் படித்துக்கொண்டிருந்த வார இதழின் நடுத்தாளைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.


மறுமொழி 8
பதிந்தவர்: எட்டாம் படி

அந்த 37 வரித் தாளை எறிந்துவிடாதீர்கள், சகோதரரே. ஒரே ஒரு சந்தேகம்: மீதியுள்ள 22 வரிகளில் மகனின் பெயர் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? மூடிகளைத் திறந்து போடுவது அவனுந்தானே?